சாப்பிட முடியாததை முகத்தில் தடவக் கூடாதா?

அரைக்கரண்டி:
தினசரி விரும்பிப் பயன்படுத்தும் பொருட்களைச் சொல்லச் சொன்னார்கள். என் விதி சுலபமானது: வாயில் போட முடியாத எதையும் தோலில் போடுவதில்லை. அதனால் என் குளியலறை அலமாரியில் இருப்பதெல்லாம் சமையலறையிலிருந்து வந்தவைதான். ஓட்ஸ், தேன், ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய், எலுமிச்சை, அப்புறம் கொஞ்சம் சமையல் சோடா. காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றுக்கு, அதே ஓட்ஸை அரைத்து முகத்துக்கு. சாலட்டில் விடும் ஆலிவ் எண்ணெயே இரவில் கைகால்களுக்கு. சர்க்கரைக்குப் பதில் தேன். கடைக் கிரீம்களின் பின்பக்கத்தில் இருக்கும் பெயர்களில் பாதியை வாசிக்கவே நாக்கு வரவில்லை. மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.

நுண்ணெழுத்து:
வந்துவிட்டேன். ஓட்ஸுக்கு முழு மதிப்பெண். எலுமிச்சைக்கும் சோடாவுக்கும் பூஜ்ஜியம்.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தை அளக்கும் பிஎச் எண் ஏறக்குறைய 5 (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில். சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும். இந்த அளவுகோலில் ஓர் எண் நகர்ந்தால் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறந்துவிட வேண்டாம். தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்பைச் செப்பனிடும் நொதிகள் அந்த லேசான அமிலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன. சோடா தேய்த்ததும் முகம் 'பளிச்'சென்று இழுத்துப் பிடிக்கிறதே, அது சுத்தமல்ல, வறட்சி.

எலுமிச்சையில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அந்த இனப் பழங்களில் ஃபுரானோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குத் தீக்காயம் மாதிரி சிவந்து கொப்பளிக்கும். ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். திட்டைப் போக்கத்தானே அதைத் தடவுகிறோம்?

அரைக்கரண்டி:
அப்படியானால் வைட்டமின் சி சீரம் என்று எல்லோரும் பூசுகிறார்களே, அது மட்டும் என்னவாம்? அதுவும் அமிலம்தானே.

நுண்ணெழுத்து:
அமிலம்தான், மறுக்கவில்லை. அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி சுமார் 40 மில்லிகிராம், அதாவது 0.04 சதவீதம். சீரத்தில் பொதுவாக 10 முதல் 20 சதவீதம். அதே சாற்றில் சிட்ரிக் அமிலம் மட்டும் ஏறக்குறைய 5 சதவீதம். நீங்கள் தடவுவது வைட்டமின் அல்ல, நூறு பங்கு சிட்ரிக் அமிலத்தில் ஒரு பங்கு வைட்டமின். அந்த 40 மில்லிகிராமுக்கு உணவில் நல்ல மரியாதை உண்டு. கீரை, பருப்பு மேல் பிழிந்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

வெண்ணெய்ப்பழம்:
சார், எலுமிச்சையை விட்டுவிடுவோம். அதற்காகக் கடைக் கிரீம்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. லேபிளில் 'நறுமணம்' என்று ஒரே சொல்தான் இருக்கும், அதற்குள் எத்தனையோ வேதிப்பொருட்கள் ஒளிந்திருக்கலாம். 'இயற்கை' என்று அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள், அழகுப் பொருட்களில் அந்தச் சொல்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்கூட இதுவரை வரையறை எதுவும் வைக்கவில்லை. அப்புறம் கிரீம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பாரபென். இதையெல்லாம் பார்த்தால் அரைக்கரண்டியின் விதி குறைந்தபட்சம் புரிகிற விதி. எனக்கு வறண்ட தோல், வாசனை சேர்த்த எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. எளிய எண்ணெய் ஒத்துக்கொள்கிறது.

குப்பி:
வாசனை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். வாசனை சேர்க்காததை வாங்குங்கள், பாதிப் பிரச்சினை தீரும். பாரபென்னில்தான் ஒத்துப்போக முடியவில்லை.

பாரபென் மீது பயம் கிளம்பியதும் பல நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளைப் போட்டன. விளைவு, அரிப்பும் தடிப்புமாக ஒரு அலர்ஜி அலை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2013-இல் அதை 'ஆண்டின் அலர்ஜிப் பொருள்' என்று அறிவித்தது. கழுவாமல் விடும் கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் பிறகு அதைத் தடையே செய்தது. அதே சங்கம் 2019-இல் பாரபென்னை 'ஆண்டின் அலர்ஜி அல்லாத பொருள்' என்று தேர்ந்தெடுத்தது. கிண்டலில்லை, உண்மையாகவே அப்படித்தான் அறிவித்தார்கள்.

நான் பொழுதுபோக்காக வீட்டில் தைலம், லோஷன் செய்பவன். எண்ணெயும் மெழுகும் மட்டும் என்றால் கவலை குறைவு. ஒரு கரண்டி தண்ணீரோ கற்றாழைச் சாறோ சேர்ந்தால் பாதுகாப்புப் பொருள் இல்லாமல் அது கிருமிப் பண்ணை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை கடைசியில்தான் வரும்.

மூன்றாம்வேளை:
எண்ணெய்ப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2013-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு. பெரியவர்களின் முன்கையில் சில வாரங்கள் தினமும் சில சொட்டு எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்புச்சுவரைப் பலவீனமாக்கி லேசான சிவப்பையும் உண்டாக்கியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை, ஈரப்பதமும் கூடியது. காரணமாகச் சொல்வது கொழுப்பமிலம். ஆலிவில் ஒலீயிக் அதிகம், அது தோலடுக்கைக் கலைக்கும். சூரியகாந்தியில் பொதுவாக லினோலீயிக் அதிகம், அது தோலின் சொந்தக் கொழுப்புக்குத் தேவையானது. 'உயர் ஒலீயிக்' என்று போட்ட சூரியகாந்தி எண்ணெய்க்கு இது பொருந்தாது, பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

அரைக்கரண்டி:
எத்தனை பேரை வைத்துச் செய்த ஆய்வு?

மூன்றாம்வேளை:
இருபது பேர்கூட இல்லை.

அரைக்கரண்டி:
இருபது பேர்கூட இல்லாத ஆய்வுக்காக நான் ஆலிவ் எண்ணெயை அலமாரியிலிருந்து இறக்க வேண்டுமா?

மூன்றாம்வேளை:
இறக்க வேண்டாம், சாலட்டிலேயே இருக்கட்டும். அங்கே அதற்குச் சான்று நிறைய. தேங்காய் எண்ணெய் இதற்கு நேர்மாறு: எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய் உள்ள குழந்தைகளின் வறண்ட தோலில் நன்றாக வேலை செய்ததாக ஆய்வு உண்டு, தட்டில்தான் சிக்கல். 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் அதைத் தவிர்க்கச் சொன்னது. ஆக உங்கள் இரண்டு எண்ணெய்களும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. முகப்பரு வரும் தோல் என்றால் தேங்காய் எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், துளைகளை அடைக்கும்.

தேனுக்கு ஒரு வரி போதும். ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் ஆபத்து.

நுண்ணெழுத்து:
இதுவரை தனித்தனிப் பொருளைப் பற்றிப் பேசினோம். எனக்குப் பிரச்சினை அந்த விதியிலேயே இருக்கிறது. 'சாப்பிடலாம், அதனால் தடவலாம்' என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பான் ஒரு சாட்சி. கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த முகச் சோப்பு ஒன்று அங்கே அமோகமாக விற்றது. நுரைக்குப் பேர்போனது. தினமும் முகம் கழுவியவர்களில் சிலருக்கு, அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுவந்த கோதுமை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போனது. சிலருக்கு மூச்சுத்திணறும் அளவுக்கு. 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஒவ்வாமை உறுதியானது. தோல் வழியாக அறிமுகமான புரதத்தை உடல் எதிரி என்று குறித்துக்கொண்டது.

அரைக்கரண்டி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், 'உடைத்துச் சேர்த்த' புரதம் என்று. அது சமையலறைக் கோதுமை இல்லை, தொழிற்சாலையில் அமிலமும் சூடும் காட்டிச் செய்த சரக்கு. என் விதியை அது உடைக்கவில்லை, இன்னும் கெட்டியாக்குகிறது.

வெண்ணெய்ப்பழம்:
நல்ல அடி 👏

நுண்ணெழுத்து:
பாதி சரி. பதப்படுத்திய விதம்தான் அந்தப் புரதத்தை அவ்வளவு முரடாக்கியது. மீதிப் பாதிக்கு 2003-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வைச் சொல்கிறேன். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிறுவர்களின் பழைய பதிவுகளைப் பார்த்தபோது, குழந்தைப் பருவத்தில் வீங்கிச் சிவந்த தோலில் கடலை எண்ணெய் கலந்த கிரீம் தடவியது ஒரு தொடர்பாகத் தெரிந்தது. கடலை எண்ணெய் நிச்சயமாகச் சமையலறைப் பொருள்தான். புண்பட்ட தோல் வழியாக முதலில் போனால் ஒவ்வாமை, வாய் வழியாக முதலில் போனால் சகிப்பு. இன்றைக்கு ஒவ்வாமை மருத்துவர்கள் பேசுவது இந்த வரிசையைத்தான். உங்கள் தோல் ஆரோக்கியமாக இருக்கலாம். எக்ஸிமா உள்ள குழந்தையின் அம்மாவும் இந்த விதியைப் படிப்பார் இல்லையா?

மறுபக்கமும் பாருங்கள். சாப்பாட்டுப் பட்டியலில் இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி, தோலிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதில் எந்த எண்ணெயையும் மிஞ்சும். வாசனை இல்லை, புரதம் இல்லை, ஒவ்வாமை மிக அரிது. ஆனால் உங்களுக்கு அது கச்சா எண்ணெய்.

குப்பி:
அதற்குக் காப்புரிமை வாங்கிய ராபர்ட் செஸ்ப்ரோ (1872) தினமும் ஒரு கரண்டி ஜெல்லி விழுங்குவார் என்று சொல்வார்கள். 96 வயதுவரை இருந்தார். அரைக்கரண்டி விதிப்படி அனுமதிக்கலாமே 😄

அரைக்கரண்டி:
அவர் விழுங்கட்டும். எனக்கு வேண்டாம்.

மூன்றாம்வேளை:
தடவுவதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். தோலுக்கான உணவு என்று பார்த்தால் 2001-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு எனக்குப் பிடித்தது. பத்து வாரம் தினமும் 40 கிராம் தக்காளி விழுது, கூடவே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பது சுமார் 40 சதவீதம் குறைந்தது. தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன் சமைத்த தக்காளியிலிருந்துதான் நன்றாகக் கிடைக்கும், கொழுப்பும் கூட வேண்டும். முகப்பருவுக்கு 2007-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவுக்கு மாறியவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. ஓட்ஸ் கஞ்சியையும் விடாதீர்கள், அதிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து தினம் 3 கிராம் கிடைத்தால் கெட்ட கொழுப்பைக் குறைக்கும். உலர் ஓட்ஸ் 75 கிராமில் அது கிடைத்துவிடும்.

வெண்ணெய்ப்பழம்:
முகத்துக்கு ஓட்ஸ் அரைப்பதில் ஏதாவது பக்குவம் உண்டா? நான் அரைத்தால் தவிடு மாதிரி உரசுகிறது.

குப்பி:
இன்னும் நைசாக. ஒரு கரண்டி மாவை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுத்து, தொட்டால் வழுவழுவென்று இருந்தால் சரி. அடியில் மணல்போலத் தங்கினால் திரும்ப அரையுங்கள். சோப்புக்குப் பதில் அதைக் குழைத்து அரை நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். அரிப்பை அடக்குவது ஓட்ஸிலுள்ள அவெனந்த்ரமைடுகள் என்ற பொருட்கள். 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே நைசான ஓட்ஸ் மாவைத் தோல் பாதுகாப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. சமையலறை ஜெயித்த இடம் இது.

வெண்ணெய்ப்பழம்:
நன்றி. சன்ஸ்கிரீனுக்கும் இப்படி ஏதாவது? ராஸ்பெரி விதை எண்ணெய் போதும் என்று எங்கோ படித்தேன்.

நுண்ணெழுத்து:
போதவே போதாது. எந்தச் சமையல் எண்ணெயும் சன்ஸ்கிரீன் ஆகாது. மென்மையானதுதான் வேண்டுமென்றால் துத்தநாக ஆக்சைடு சேர்த்தது, எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு அளவு 30-க்கு மேல். ஒரு தமாஷ்: காலை உணவு சீரியல் பெட்டிகளில் 'துத்தநாகம் சேர்க்கப்பட்டது' என்று இருக்கிறதே, பல பெட்டிகளில் அதுவும் இதே துத்தநாக ஆக்சைடுதான்.

அரைக்கரண்டி:
அப்படியானால் அது சாப்பிடுகிற பொருள். என் அலமாரியில் அதற்கு இடம் உண்டு. விதி அப்படியே நிற்கிறது, எல்லோரும் கவனிக்கவும்.

நுண்ணெழுத்து:
நிற்கட்டும். தூளை வாங்கித் தேங்காய் எண்ணெயில் நீங்களே குழைக்காமல் இருந்தால் சரி. அது கட்டிகட்டியாக நிற்கும், நடுவில் விட்ட இடமெல்லாம் வெந்துபோகும். தூசியை மூச்சில் இழுப்பதும் ஆகாது. செய்து விற்பதையே வாங்குங்கள்.

அரைக்கரண்டி:
நாளைக்கு அதைத்தான் செய்யலாமென்று இருந்தேன். சரி, வாங்குகிறேன். வாசனை இல்லாதது.