பதில்: ஓதம் என்ற ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழு உறவுகளுக்கு வணக்கம்.

மேசன் வேலை பழகும் பிள்ளைகளுக்கான கையேட்டில் ‘ரைசிங் டாம்ப்’ என்பதை, அதாவது நிலத்து ஈரம் சுவரில் மேலே ஏறுவதை, தமிழில் எப்படி எழுதலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். எங்கள் பேச்சில் இப்படிப் பிடிக்கும் ஈரத்துக்கு ஓதம் என்று பெயர். இவ்வளவு பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து, கிளிநொச்சியில் எங்கள் பயிற்சி வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சொன்னதையும் சேர்த்து எழுதுவதால் மடல் கொஞ்சம் நீளும்.

> ஏறு + ஓதம் = ஏறோதம். நல்ல வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது. இதோடு முடித்துக்கொள்ளலாமே?

மதுரை ஐயா, எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. எங்கள் பக்கம் ‘ஓதம் ஏறுது’ என்றுதான் பேச்சே. நெல் மூட்டையைச் சீமெந்து நிலத்தில் நேரே வைத்தால் ஓதம் ஏறிவிடும் என்று அடியில் மரச்சட்டம் போட்டு அடுக்குகிறோம். ஆனால் சென்னையிலிருந்து எழுதிய தங்கை சுட்டிக்காட்டியதைத் தள்ளிவிட முடியவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஓதம் என்றால் கடல் ஏறி வற்றுவது. உயர் ஓதம், தாழ் ஓதம் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். நாங்கள் அதை வற்றுப்பெருக்கு என்று படித்ததால் இந்த மோதல் எனக்குத் தெரியாமலே இருந்தது. ‘ஏறோதம்’ என்று தனியாக எழுதினால் அங்கே ஒருவர் கடல் பொங்குவதாகத்தான் நினைப்பார். பழைய இலக்கியத்திலும் ஓதம் என்றால் பெரும்பாலும் கடலும் அலையும்தான். ஆகவே சொல் எந்த ஓதம் என்பதைத் தானே காட்டவேண்டும்.

> ஓதம், ஈரம், ஈரப்பதம், கசிவு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ‘சுவர் ஈரம்’ என்று போட்டால் யாருக்கும் விளங்கும். எதற்குப் புதுச்சொல்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். என் தங்கச்சியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் 2010இல் மீளக் குடியேறி, பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டினார்கள். முதல் சில வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததல்லவா, அதில் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இனியும் வரக்கூடாது என்று அடுத்த கோடையில் பதினைந்து லோட் கிரவல் பறித்து, அதாவது கொட்டி, முற்றத்தை உயர்த்தினார்கள். அதற்கு அடுத்த மாரியில் உள்சுவரில் அடியிலிருந்து ஓரடி உயரத்துக்குப் பூச்சு கறுத்தது. பிறகு வெள்ளைப் பொடி பூத்தது. நகத்தால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிர்ந்தது.

வந்த மேசன் பார்த்துவிட்டு “ஓதம்” என்றார். அவர் சொன்னது பிழையில்லை. ஓதத்துக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் பழைய பூச்சை உரித்துவிட்டு நல்ல கடுமையான சீமெந்துப் பூச்சு போடுவது. அதைச் செய்தார். அடுத்த மாரியில் கறை இடுப்பளவுக்கு ஏறியது. மறுபடி உரித்து, இன்னும் கடுமையாகப் பூசி, மேலே தண்ணீர் புகாத பெயின்ற் அடித்தார்கள். கறை அதற்கும் மேலே வந்தது. இரண்டு தடவை செலவழித்த காசு, ஒரு மாட்டை விற்ற காசு.

நடந்தது இதுதான். மண்ணில் உள்ள ஈரத்தை அத்திவாரக் கல்லின் நுண்துளைகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். அதை மறிக்கத்தான் அத்திவாரத்துக்கு மேலே தார் பூசிய ஒரு படை வைக்கிறோம். அந்தப் படை வெளித் தரையிலிருந்து குறைந்தது ஆறங்குலம் உயரத்தில் இருக்கவேண்டும். கிரவல் பறித்தபோது அது மண்ணுக்குள் புதைந்துவிட்டது. மண் இப்போது படைக்கு மேலே உள்ள சுவரில் நேரே முட்டிக்கொண்டு நிற்கிறது. ஈரம் படையைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கடுமையான பூச்சு போட்டதும், சுவரின் முகத்தால் காய்ந்து வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்துக்கு வழி இல்லாமல் போய், அது இன்னும் மேலே போய் வழி தேடியது. சாதாரணமாக இப்படி ஏறும் ஈரம் மூன்றடி அளவில் நின்றுவிடும். வெளியேற விடாமல் மூடினால் அதற்கு மேலும் போகும்.

நான் போய்ச் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. சுவரைச் சுற்றி ஓரடி அகலத்துக்குக் கிரவலை வெட்டி எடுத்து, தார்ப் படை வெளியே தெரியும்வரை தாழ்த்தினோம். அந்த வெட்டில் தண்ணீர் தேங்காமல் ஒழுங்கைப் பக்கம் ஓடச் சரிவு கொடுத்தோம். கூரைக்குப் பீலி போட்டோம். உட்பூச்சை உரித்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விட்டோம். பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், காய்ந்த தும்புத்தடியால் தட்டி எடுத்தோம். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு மெல்லிய பூச்சு. சுவருக்குள் மிஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் மழை நாட்களில் இன்றும் கொஞ்சம் நிறம் மாறும். ஆனால் கறை ஏறவில்லை.

மேசனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு இருந்தது ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு ஒரு வைத்தியம். ‘சுவர் ஈரம்’ என்று நாமும் எழுதிக் கொடுத்தால் அதையேதான் செய்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாத பெயரைக் கையேட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: அடியோதம். அடியிலிருந்து வரும் ஓதம். கடலோடு குழம்ப இடமில்லை. முல்லைத்தீவுக் கரைப் பக்கத்திலிருந்து வரும் மூன்று பிள்ளைகளிடம் விளக்கம் சொல்லாமலே கேட்டேன். “அத்திவாரத்தால வாறதோ?” என்றார்கள். அடையாளங்களும் சொல்லோடு ஒட்டி நிற்கின்றன: கீழேதான் மோசம், மேலே போகக் குறையும், அநேகமாக எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு, கோட்டின் ஓரத்தில் உப்பு.

இரண்டாவது, மழை சுவரைத் துளைத்து உள்ளே வருவது. எங்களுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை, வடகிழக்குக் காற்றோடு வரும். அந்தப் பக்கச் சுவரில், யன்னல் மூலையில், வெடிப்பு உள்ள இடத்தில் திட்டுத்திட்டாக நனையும். மழை விட்டு வெயில் பிடித்தால் காயும். இதற்கு சாரலோதம் என்று வைக்கலாம். மல்லாவி அண்ணை சொன்ன ‘தூவானம்’ எனக்கும் மிக நெருக்கமான சொல்தான். ஆனால் தூவானவோதம் என்பது நாக்கில் நிற்கவில்லை, மன்னிக்கவேண்டும் அண்ணை. கூரை ஒழுக்கையும் குழாய் ஒழுக்கையும் இதற்குள் சேர்க்கவேண்டாம். அவற்றுக்கு ‘ஒழுக்கு’ என்ற சொல் நன்றாகவே இருக்கிறது.

இதைச் சொல்லும்போது அம்மம்மாவின் மண்வீடு நினைவுக்கு வருகிறது. அதில் தார்ப் படையும் இல்லை, பெயின்றும் இல்லை. ஆனால் குந்து உயர்த்திக் கட்டியிருந்தது, கிடுகுக் கூரை சுவரை விட்டு நன்றாக வெளியே வந்து தாழ்ந்திருந்தது, குனிந்துதான் உள்ளே போவோம். சாரல் சுவரில் படவே வழி இல்லை. மண்சுவர் ஈரத்தைப் பிடித்தாலும் விட்டுவிடும். இன்று கல்வீடு கட்டும்போது காசை மிச்சம் பிடிக்க முதலில் குறைப்பது தாவாரத்தைத்தான். அது எனக்குப் பெரிய கவலை.

> கண்டன்சேசன் என்பதற்கு ஈழத்தில் ஒடுங்கல், தமிழ்நாட்டில் சுருங்குதல். இவற்றுள் ஒன்றோடு ஓதத்தைச் சேர்த்து ‘ஒடுங்கலோதம்’ என்று சொல்லிவிடலாம்.

இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாவது வகையை ஓதம் என்று அழைக்கவே கூடாது என்பது என் கருத்து. முதல் இரண்டிலும் தண்ணீர் சுவருக்குள்ளால் வருகிறது. இதில் அப்படி இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம்தான், குளிர்ந்த முகத்தில் பட்டு நீராகிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 பாகையில் 17 கிராம் அளவுதான். மார்கழி, தை மாத இரவில் வானம் வெளித்திருந்தால் தகரக் கூரை சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும். உள்ளே நாலைந்து பேரின் மூச்சு, பின்னேரம் அவித்த புட்டின் ஆவி, மழைக்காக உள்ளே கொடியில் போட்ட உடுப்பு. விடியப் பார்த்தால் தகரத்தின் அடியில் முத்து முத்தாக நீர்.

தங்கச்சியின் குசினிப் பத்தி தகரம்தான். அங்கேயும் “கூரை ஒழுகுது” என்று ஆணித் துளைகளுக்கெல்லாம் தார் பூசியிருந்தார்கள். மழை பெய்யாத விடியலிலும் சொட்டுகிறதே என்று மருமகள்தான் முதலில் கேட்டாள். நுளம்புக்குப் பயந்து முகட்டு இடைவெளியைச் சாக்கால் அடைத்திருந்தார்கள். சாக்கை எடுத்து நுளம்பு வலை அடித்ததும் பெரும்பாலும் நின்றுவிட்டது.

எங்கள் சனம் இதை ‘வேர்க்குது’ என்கிறது. தகரம் வேர்க்குது, நிலம் வேர்க்குது. எனவே சுவரிலும் கூரையிலும் தெரியும் குறைக்கு வேர்ப்பு என்றும், அதற்குக் காரணமான பௌதிக நிகழ்வுக்கு ஒடுங்கல் என்றும் பிரித்து வைப்போம். ‘வேர்’ என்பதோடு குழம்பும் என்று ரொறன்ரோ அக்கா எழுதியிருந்தார். சுவர் வேர்ப்பு, கூரை வேர்ப்பு என்று சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

ஓதமா வேர்ப்பா என்று சந்தேகம் வந்தால் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத் தெளிவான பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவே நீர் பிடித்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்து முகம் நனைந்தால் வேர்ப்பு. இந்தச் சோதனை இரண்டை மட்டுமே பிரிக்கிறது என்பதும், வேர்ப்பை ஓதத்திலிருந்து தனியே வைக்க ஒரு காரணம். அடியோதமா சாரலோதமா என்பதைக் கறையின் இடத்தையும் காலத்தையும் வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.

அத்திவாரத்துக்கு மேலே வைக்கும் தார்ப் படைக்கு எல்லாரும் டி.பி.சி. (‘டாம்ப் புரூவ் கோர்ஸ்’ என்பதன் சுருக்கம்) என்றே சொல்கிறார்கள். ‘ஈரத்தடுப்பு அடுக்கு’ என்று இருவர் எழுதினீர்கள். அதில் பிழை இல்லை. ஆனால் வயல் செய்கிறவன் வாய்க்காலை ‘மறி’ என்றுதான் சொல்வான், மண்வெட்டியால் ஒரு கட்டி எடுத்து வைத்துத் தண்ணீரை நிற்பாட்டுவான். அதே வேலையைத்தான் இந்தப் படையும் செய்கிறது. ஓதமறிப்பு என்று சொல்லிப் பார்த்தேன், வகுப்பில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. “ஓதமறிப்புக்கு மேலே மண் பறிக்காதே” என்ற வசனத்தைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட இருக்கிறேன்.

பூஞ்சணமா பூஞ்சையா பங்கசா என்ற விவாதத்தை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். இப்போதைக்குப் பூஞ்சணம் என்றே எழுதுகிறேன், சுவரில் படரும் கறுப்பை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நனைந்ததை ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்தால் அது பிடிக்காது என்பதை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கையேடு புரட்டாசி முடிவதற்குள் அச்சுக்குப் போகவேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் இவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அடியோதம், சாரலோதம், வேர்ப்பு, ஓதமறிப்பு இந்த நாலில் எதற்காவது மறுப்பு இருந்தால், உங்கள் ஊரில் மேசன்மார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து