தாத்தா 1971 சண்டையைப் பத்தி இப்பதான் வாய் திறக்கிறார், எப்படி கேட்டு பதிவு பண்றது?

பொருநைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா ராணுவத்தோட இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தவர், 1971 பாகிஸ்தான் சண்டைல மேற்குப் பக்கம், பாகிஸ்தானுக்குள்ள இருக்கற ஷக்கர்கர் பக்கம் பசந்தர் ஆத்துல மைன் (கண்ணிவெடி) எடுத்த ஆளுங்கள்ல ஒருத்தர், அப்போ அவருக்கு இருபது வயசு இருந்தா அதிகம். இத்தனை வருஷமா வீட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, ட்ரங்க் பெட்டில மெடல் இருக்குன்னே பாட்டி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாட்டி தவறினதுக்கு அப்புறம் அவரா பேச ஆரம்பிச்சிருக்கார், ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணைல வந்து உக்காந்தா பத்து நிமிஷம் பேசுவார், அப்புறம் டக்குன்னு எழுந்து போயிடுவார்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, அவர் சொல்றது சிலது நாம படிச்சதோட ஒத்துப்போகல. டாக்காவுல 93,000 பேர் சரணடைஞ்ச டிசம்பர் 16ஆம் தேதியோட சண்டை முடிஞ்சதுன்னுதான் படிச்சிருக்கோம், இவர் "இல்லடா, பதினேழாந்தேதி ராத்திரி எட்டு மணி வரைக்கும் எங்க தலைமேல ஷெல் விழுந்துச்சு"ன்றார். அதோட "அப்புறம் ஒரு வருஷம் பாகிஸ்தான்லதான் இருந்தேன்"ன்னும் சொல்றார். அப்பா இதைக் கேட்டுட்டு வயசாயிடுச்சுப்பா, குழப்பிக்கிறார்னு சொல்றார். ரெண்டாவது, பழசை எல்லாம் கிளறாத, அவர் தூக்கம் கெட்டுடும்னு அப்பா பயப்படறார். எனக்கோ இதெல்லாம் அவரோட போயிடக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய சாப்பர்:
தம்பி, நானும் அதே க்ரூப்தான், பெங்களூர் சென்டர்ல ட்ரெய்னிங் எடுத்தவன், உங்க தாத்தாவுக்கு ரொம்ப வருஷம் பின்னாடி. முதல்ல உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, பெரியவர் எதையும் குழப்பிக்கல. டாக்காவுல கையெழுத்து ஆனது 16ஆம் தேதி, அது கிழக்கு பக்கம். மேற்குல சண்டை நிறுத்தம் அமலுக்கு வந்தது 17ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குதான், அவர் மணி முதக்கொண்டு சரியா சொல்றார் பாருங்க. பசந்தர்ல பெரிய சண்டை நடந்ததே 15 ராத்திரில இருந்து 17 வரைக்கும்தான், ஊரெல்லாம் ஜெயிச்சாச்சுன்னு கொண்டாடிக்கிட்டு இருந்தப்ப இவங்க மைன்ஃபீல்டுக்கு நடுவுல கிடந்திருக்காங்க.

ஒரு வருஷம் பாகிஸ்தான்ல இருந்தேன்னு சொல்றதும் நிஜம். ஷக்கர்கர்ல பிடிச்ச இடத்தை நாம உடனே விட்டு வரல, 1972 ஜூலைல சிம்லா ஒப்பந்தம் ஆகி, காஷ்மீர்ல கட்டுப்பாட்டுக் கோடு எதுன்னு முடிவு பண்ணி, படை திரும்பினது அந்த வருஷம் டிசம்பர்லதான். அதுவரைக்கும் அங்கயேதான் பங்கர்.

பசந்தர்ல மைனை எடுத்து டாங்கி போக பாதை போட்டது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், நம்ம சாப்பர்ஸ் யூனிட். சண்டைன்னா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடறதுன்னு நினைக்கிறாங்க, சாப்பர் வேலை அப்படி இல்ல, இருட்டுல வயித்தைத் தரைல வெச்சு படுத்துக்கிட்டு மண்ணை அங்குலம் அங்குலமா குத்திப் பாத்துக்கிட்டே முன்னேறணும், பின்னாடி டாங்கி இஞ்சின் ஓடவிட்டு காத்துக்கிட்டிருக்கும், எதிர்ப்பக்கம் இருந்து ஷெல் வந்துக்கிட்டே இருக்கும், தலையைத் தூக்கவும் முடியாது கையை அவசரப்படுத்தவும் முடியாது. எடுத்து முடிச்ச பாதைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை டேப் கட்டணும், அந்த டேப்பை நம்பித்தான் மத்தவன் உயிரோட வருவான். அன்னைக்கு பாதை முழுசா ஆகறதுக்கு முன்னாடியே பூனா ஹார்ஸ்ங்கற டாங்கி ரெஜிமென்ட்டோட டாங்கி உள்ள வந்துச்சு, பரம்வீர் சக்ரா வாங்கின அருண் கேதர்பால் அந்த ரெஜிமென்ட்தான், 21 வயசு.

தாத்தாகிட்ட "எத்தனை பேரைச் சுட்டீங்க"ன்னு மட்டும் யாரும் கேக்காம பாத்துக்கோங்க, சின்னப் பசங்க இருந்தா முதல்லயே சொல்லி வைங்க. டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டு வாங்குங்க, அதுல ஆர்மி நம்பர், ட்ரேட், எந்த வருஷம் எங்க இருந்தார் எல்லாம் இருக்கும். மெடல்ல 1971 சண்டைக்குக் குடுத்த பஸ்சிமி ஸ்டார் (மேற்குப் பக்கம் இருந்தவங்களுக்கு), சங்க்ராம் மெடல் ரெண்டும் இருக்கணும். ரிப்பன் இத்துப்போயிருந்தா புதுசு வாங்கிப் போட்டுக் குடுங்க, அவர் கேக்க மாட்டார்.

தேன்மொழி:
எங்க தாத்தா வேற சண்டை, மலாயாவுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டிருந்தவர், 1943ல நேதாஜி சிங்கப்பூர் வந்தப்ப பதினேழு வயசுல அவரோட இந்திய தேசிய ராணுவத்துல (ஐஎன்ஏ) சேர்ந்தாராம். அவர்கிட்ட நேரா சண்டையைக் கேட்டா "அதெல்லாம் எதுக்கும்மா"ன்னு முடிச்சிடுவார். எங்க அம்மா ஒரு தடவை அங்க என்ன சாப்பிட்டீங்கப்பான்னு கேட்டாங்க, அவ்வளவுதான், மரவள்ளிக்கிழங்குல ஆரம்பிச்சு, அப்போ மலாயாவைப் பிடிச்சு வெச்சிருந்த ஜப்பான்காரன் அடிச்ச, வாழைமரம் போட்ட நோட்டு கட்டுக்கட்டா இருந்தும் ஒரு படி அரிசி வாங்க முடியாதது, தோட்டத்துல இருந்து ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்கு இழுத்துட்டுப் போன அவர் சித்தப்பா திரும்பியே வராதது வரைக்கும் சாயங்காலம் பூரா பேசினார். அதனால நீங்க சாப்பாடு, குளிர், செருப்பு, பூட்ஸ், லெட்டர் இதுல இருந்து ஆரம்பிங்க. 56 ஏபிஓன்னு (ராணுவத் தபால் ஆபீஸ்) அட்ரஸ் போட்டு பாட்டியோ அவங்க வீட்லயோ எழுதின கடுதாசி எதாவது இருக்கான்னு பெட்டில தேடுங்க, அந்தக் காகிதத்தைக் கையில குடுத்தாலே பேச்சு தானா வரும்.

போனை மறைச்சு வெச்சு மட்டும் ரெக்கார்ட் பண்ணாதீங்க, கேட்டுட்டே பண்ணுங்க. ஃபேனை நிறுத்திட்டு போனை ஃப்ளைட் மோடுல போட்டு அவர் கிட்டக்க வெச்சா போதும்.

மேகலை:
உங்க அப்பா சொல்றதையும் லேசா எடுத்துக்காதீங்க பொருநைக்காரன். அவர் சின்னப் பையனா இருந்தப்ப தாத்தா ராத்திரில கத்தி எழுந்ததை பாத்திருக்கலாம், அது உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். என் பெரியப்பா அப்படித்தான், தீபாவளின்னா உள்ரூம்ல கதவை சாத்திக்குவார். ராத்திரி பேச்சை பகலுக்கு மாத்துங்க, காலைல காபி குடிக்கிற நேரம் நல்லது. கை நடுங்கினாலோ சொன்ன இடத்தையே திரும்பத் திரும்ப சொன்னாலோ அன்னைக்கு அதோட விட்டுடணும். தூக்கம் நிஜமாவே கெட்டா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மனநல டாக்டர்கிட்ட போறதுல ஒரு குறையும் இல்ல.

பொருநைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 17ஆம் தேதி விஷயத்தை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, மறுநாள் அவரே தாத்தா பக்கத்துல போய் உக்காந்தார்.

பழைய சாப்பர் ஐயா சொன்ன மண்ணைக் குத்தற வேலையைப் பத்தி மெதுவா கேட்டேன். தாத்தா விளக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிட்டு பாய்ல குப்புற படுத்துட்டார்! இந்த வயசுல! நேரா மேல இருந்து குத்தக்கூடாதாம், அமுங்கற மூடி மேலதான் இருக்கும், அதனால சாய்ச்சு சாய்ச்சு குத்தணும், பக்கவாட்டுல இடிச்சா மைனுக்கு ஒண்ணும் ஆகாது. குச்சி ஏதோ தட்டினதும் கை தானா நிக்குது, அப்படியே ரெண்டு விரலால மண்ணைத் தள்ளிக் காட்டறார். அப்பா "எழுந்திரிங்கப்பா, இடுப்பு பிடிச்சுக்கும்"னு சொல்லிக்கிட்டே அவரும் பக்கத்துல குனிஞ்சு பாத்தார்.

கூட இருந்த ஒரு சிநேகிதர் பேரை அடிக்கடி சொல்றார், தர்மபுரிப் பக்கமாம், திரும்பி வரலையாம். அவர் குடும்பம் எங்கன்னு தேட முடியுமா?

பழைய சாப்பர்:
தேடலாம் தம்பி. யூனிட், வருஷம், அந்தப் பேர், முடிஞ்சா ஊர், இதை எழுதி பெங்களூர்ல நம்ம ரெக்கார்ட் ஆபீசுக்கு தாத்தா கையெழுத்தோட ஒரு கடுதாசி போடுங்க, அவரோட ஆர்மி நம்பரையும் மறக்காம எழுதுங்க. தர்மபுரி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் நேர்ல போய் விசாரிங்க, சண்டைல போனவங்க குடும்பத்து விவரம் அங்க இருக்க வாய்ப்பு உண்டு. போறப்ப தாத்தாவையும் கூட்டிட்டுப் போங்க, நீங்க மட்டும் போய்க் கேக்கறதுக்கும் அவர் வந்து நிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.