ஃபிட்ஸ் பேஷன்ட்ஸுக்கு சிஸ்டர்ஸ் எதை முதல்ல சொல்லணும்?

நியூரோ ஓபி சிஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இப்பதான் நியூரோ ஓபிக்கு மாறி வந்திருக்கேன். கூட்டம் தாங்கல, டாக்டருக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கத்தான் நேரம் இருக்கு, மத்ததெல்லாம் நாமதான் சொல்லணும். கொஞ்ச மாசம் ஃபிட்ஸ் வரலைன்னதும் சரியாயிடுச்சுன்னு அவங்களா மாத்திரையை நிறுத்திடுறாங்க, அப்புறம் கேஷுவாலிட்டில கொண்டு வந்து போடுறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு. எப்படி சொன்னா மனசுல நிக்கும்?

வார்டு அக்கா:
முதல்ல கூட வந்தவங்கள உக்கார வைம்மா. வலிப்பு வர்றப்போ பாக்குறது அவங்கதானே. கையில சாவிக்கொத்து, வாயில ஸ்பூன், மூஞ்சில தண்ணி இதெல்லாம் வேணாம்னு சொன்னா மட்டும் பத்தாது, வேற என்ன பண்ணணும்னு கை பழகணும். நான் கூட வந்தவங்கள்ல ஒருத்தரை பெஞ்சுல படுக்கச் சொல்லி, இன்னொருத்தரை விட்டு ஒருக்களிச்சுத் திருப்பி, காலர் பட்டனைத் தளர்த்த வைப்பேன். மணி பாக்கச் சொல்லு, 5 நிமிஷம் தாண்டினா 108. முழு நினைவு வர்ற வரைக்கும் வாயில ஒண்ணும் கொடுக்கக் கூடாது.

மாத்திரை விஷயத்துல திட்டாத. திட்டினா அடுத்த தடவை பொய் சொல்வாங்க. அட்டையை வாங்கிப் பாரு, எத்தனை மிச்சம்னு தெரிஞ்சிடும். ஃபிட்ஸ் வராம இருக்கிறதே மாத்திரையாலதான், நிறுத்துறதுன்னா டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார்னு சொல்லு.

தென்காசிப் பொண்ணு:
சிஸ்டர், பொண்ணுங்கள தனியா கூப்பிட்டு பேசுங்க ப்ளீஸ். எனக்கு பெனிடாயின்னு ஒரு ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிட்டு ஈறு வீங்குச்சு, அது மாத்திரையாலன்னு ஒரு சிஸ்டர்தான் சொன்னாங்க, இல்லன்னா நானே நிறுத்தியிருப்பேன். வால்ப்ரோயேட்னு இன்னொரு ஃபிட்ஸ் மாத்திரை இருக்கு, அதைச் சாப்பிடுறவங்க குழந்தைக்குப் பிளான் பண்றதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட பேசணும், தள்ளிப்போச்சுன்னு பயந்து தானா நிறுத்தக் கூடாது, இதை அம்மா மாமியார் முன்னாடி யாரும் கேக்க மாட்டாங்க. வலிப்பைக் காரணம் காட்டி கல்யாணம் செல்லாதுங்கிறதை இந்து திருமணச் சட்டத்துல இருந்து 1999-லயே எடுத்துட்டாங்க, அதையும் சொல்லுங்க, எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.

பையனோட அப்பா:
தூக்கத்தைப் பத்தி அழுத்திச் சொல்லுங்க சிஸ்டர். என் பையனுக்கு பரீட்சைக்கு ராத்திரி முழிச்சாலே மறுநாள் வந்துடும். ஒரு நோட்டுல தேதி, நேரம், எவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு எழுதி வைங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. அந்த வீடியோவைப் பார்த்துட்டுதான் டாக்டர் மாத்திரையவே மாத்தினார்.