புதுப்பிப்பு: 27 இஞ்ச் மானிட்டரும் ஆர்டிஎக்ஸ் 4060-ம்

மதுரையில் 27 இஞ்ச் கேமிங் மானிட்டரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் வாங்கப் போகிறவர்களுக்காக முன்பு போட்ட பதிவில், இரண்டையும் இணைக்க ‘எச்டிஎம்ஐ கேபிளே போதும்’ என்றிருந்தேன். தவறு, திருத்திக்கொள்ளுங்கள். மானிட்டரில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய வகை என்றால், 1440பி-யில் (2560 × 1440 பிக்சல்) 75 ஹெர்ட்ஸ் வாக்கில், அதாவது திரை நொடிக்கு 75 முறை புதுப்பிப்பதோடு, நின்றுவிடும். கார்டு எவ்வளவு புதுசானாலும் சரி. 165 ஹெர்ட்ஸ் வேண்டுமா, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்தான். அதையும் கேபினெட்டின் பின்பக்கம் மேலே இருக்கும் மதர்போர்டு போர்ட்டில் செருகாதீர்கள். கீழே படுக்கைவசமாக இருக்கும் கார்டு போர்ட்டில் செருகுங்கள். பிறகு விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 165-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பல சமயம் அது 60-லேயே கிடக்கும்!

ஆட்டம் திக்கினால் முதலில் கேம் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படத் தரம்) அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள். கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்புவது பெரும்பாலும் அதனால்தான்.

யுபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் சிஸ்டம் அணைகிறதே என்று கேட்டவருக்கு: 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆட்டம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் இழுக்கிறது என்று கணக்குப் போடுங்கள்.