சரணடைந்த மிதவை ஜீரோக்கள் என்ன ஆயின?

கடலோரத்தான், பினாங்கு:
வணக்கம். 1945 செப்டம்பர் 3-இல் பிரிட்டிஷ் மரைன்கள் பினாங்கில் இறங்கி, க்ளுகோர் கடல் விமானத் தளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானியக் கடற்படையின் மிதவை ஜீரோ (ஜீரோ சண்டை விமானத்தில் சக்கரத்துக்குப் பதில் மிதவை பொருத்திய ஏ6எம்2-என் ரகம், நேசநாடுகள் வைத்த பெயர் ரூஃப்) போருக்குப் பிறகு எங்காவது பறந்ததா? முழுதாக ஒன்றாவது மிஞ்சியதா? வலையில் அலுமினியத் துண்டு சிக்கினால் எப்படி அடையாளம் காண்பது?

இறக்கைமணி:
முழுதாக ஒன்றுகூட இல்லை. நக்காஜிமா விமான நிறுவனம் கட்டியது 327. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையிடம் சிக்கிய ஒன்றைப் பழுது பார்த்தார்கள். கொஞ்ச நாளிலேயே விழுந்து நொறுங்கியது.

ஜொகூர் தெப்ராவில் பிரிட்டிஷார் 1946-இல் ஜப்பானிய விமானிகளையே வைத்துச் சோதித்தவற்றில் சக்கர ஜீரோவும் ரைடன் என்ற இன்னொரு ஜப்பானியச் சண்டை விமானமும் உண்டு. ரூஃபிலும் சக்கர ஜீரோவின் அதே சக்காயே என்ஜின்தான். மிதவையால் வேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ. குறைவு. சோதிக்க அதில் புதிதாக அதிகம் இல்லை என்பது என் கருத்து.

பெரிய எதிரி உப்பு. ஜீரோவின் இறக்கை உத்திரம் துத்தநாகம் கலந்த அலுமினியம். பலம் அதிகம், ஆனால் உப்பு ஏறினால் உலோகம் உள்ளுக்குள் அரித்து அப்பளம்போல் ஏடேடாக உரியும். மேலே பெயின்ட் நன்றாகவே தெரியும்! எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் இன்னும் மோசம். கரையேற்றி நன்னீரில் கழுவ வேண்டும், மிதவை அறைகளில் தேங்கிய நீரையும் வடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் விமானம் தாங்காது.

முழு மிதவைச் சண்டை விமானம் பார்க்க வேண்டுமென்றால் கவனிஷி கியோஃபூதான். அமெரிக்காவில், டெக்சாஸ் ஃப்ரெடெரிக்ஸ்பர்க்கில் ஒன்று இருக்கிறது.

தஞ்சோங் வாசகி:
துண்டு பற்றி: மிதவை என்றதும் ரூஃப் என்று முடிவு கட்டாதீர்கள். ஜப்பானியரிடம் வேறு மிதவை விமானங்களும் இருந்தன. ஐச்சி ஈ13ஏ-வுக்கு இரட்டை மிதவை. மிட்சுபிஷி எஃப்1எம்-க்கும் ரூஃபுக்கும் நடுவில் ஒன்று, இறக்கைக்கடியில் சிறிதாக இரண்டு. ரூஃபின் இறக்கையில் சக்கரக்குழி கிடையாது, மூடியிருக்கும். வாலுக்கடியில் கூடுதல் துடுப்பு உண்டு. கப்பலில் இறங்கும் கொக்கி இல்லை. உட்புறத்தில் கண்ணாடிபோன்ற நீலப்பச்சைப் பூச்சு தெரிந்தால் ஜப்பானியத் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த விமானம் என்பதை அது சொல்லாது.

கடலிலிருந்து எடுத்ததைக் காயவிட வேண்டாம்; காய்ந்ததும் உப்பு படிகமாகி ஏடுகளைப் பிளக்கும். ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை. கம்பி பிரஷ், எலுமிச்சை, காஸ்டிக் சோடா எதுவும் கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்துவிடும்.

துண்டோடு 20 மி.மீ. தோட்டா ஒட்டியிருந்தால் தொடாமல் 999-ஐ அழையுங்கள். மற்றபடி, மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி கடலடியில் கிடைக்கும் பழம்பொருளை அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.