வானாய்வகங்களைப் பற்றி மாணவர்களுக்கு நம்பிக் காட்டக்கூடிய இணையதளங்கள் எவை?

கேள்வி (அறிவியல் ஆசிரியை, கடலூர்)
அனைவருக்கும் வணக்கம். எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பெரிய வானாய்வகங்களைப் பற்றிப் பள்ளிக் கண்காட்சிக்கு விளக்கப்படங்கள் தயாரிக்கிறார்கள். இந்திய வான் இயற்பியல் மையத்தின் தொலைநோக்கி என்று ஒரு பக்கம் 2 மீட்டர் விட்டத்தையும் இன்னொரு பக்கம் 2.34 மீட்டர் விட்டத்தையும் குறிப்பிடுவதால், எதை எழுதுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது நல்லது?

மறுமொழி 1 (வான்நோக்கர், முத்தியால்பேட்டை)
அம்மா, இரண்டு எண்களுமே சரியானவை. ஆனால் அவை வெவ்வேறு தொலைநோக்கிகளுக்கு உரியவை. 2.34 மீட்டர் கொண்டது சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கி. 2 மீட்டர் கொண்டது லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமாலய சந்திரா தொலைநோக்கி; பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோஸ்கோட்டையிலிருந்தே அதை இயக்குகிறார்கள். இரண்டையும் ஒரே நிறுவனம் நடத்துவதால், பிறர் எழுதும் கட்டுரைகளில் இவை கலந்துவிடுகின்றன. ஆகவே எந்த வானாய்வகமானாலும் அதை நடத்தும் நிறுவனத்தின் தளத்தையே முதலில் திறக்கச் சொல்லுங்கள். அந்த மையத்தின் தளத்திலிருந்து கொடைக்கானல் ஆவணத் தொகுப்புக்கும் செல்லலாம். கடந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே ஒளிப்படத் தகடுகளில் பதிந்த சூரியனை, எண்மமாக்கி எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு சூரியக் கரும்புள்ளி நாளுக்கு நாள் நகர்வதை அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். எத்தனை விளக்கப்படம் எழுதினாலும் அதற்கு ஈடாகாது. யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்த 1977ஆம் ஆண்டு அவதானிப்புகளில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு என்பதை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (நூலகர், புதுச்சேரி)
நம் ஊரிலேயே ஒரு வானாய்வகம் இருந்தது, அதையும் சேர்க்க வேண்டுகிறேன். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தீல், 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் கரையிறங்க இயலாமல் கப்பலிலிருந்தே அதைப் பார்க்க நேர்ந்தது. அடுத்த கடப்புக்காக 1768இல் இங்கு வந்து, இடிந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டது. காத்திருந்த காலத்தில் இங்குள்ள தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கு கற்றதையும் தம் பயண நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நூல் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்ணெதிரே உள்ள புதுச்சேரியைப் பற்றியே அறியாமல் இருந்திருக்கிறேன். வெளிநாட்டு வானாய்வகங்களின் படங்களை அச்சிட்டு ஒட்டலாமா?

மறுமொழி 3 (வான்நோக்கர், முத்தியால்பேட்டை)
சிலியின் பரனாலில் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கை நடத்தும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் படங்களை, அவர்கள் குறிப்பிடும் உரிமை வரியைப் படத்தின் கீழே எழுதினால் பெரும்பாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்றவர்களின் விதி தளத்துக்குத் தளம் மாறும். அச்சிடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.