பிறந்த பிள்ளைக்குப் பின்மூக்கு அடைப்பு: அனுப்ப முதல் என்ன செய்ய வேணும்?

வடமராட்சி வாட்டு:
பாலுக்குப் பிடிச்ச உடனே நீலம் பாரிக்குது, அழுதால் சிவக்குது. 6 பிரெஞ்சு கதீற்றர் (மெல்லிய ரியூப்) இரண்டு மூக்காலயும் 3 செ.மீ. தாண்டிப் போகாது. இப்பிடியான பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு ஏத்த முதல் என்ன செய்யிறது? ஒப்பரேசனில ஸ்டென்ட் (துவாரம் மூடாமல் வைக்கிற குழாய்) கட்டாயமோ?

குழந்தைப் பராமரிப்புத் தாதி:
ஒப்பரேசன் அவசரமில்லை, மூச்சுத்தான் அவசரம். பிறந்த பிள்ளை மூக்கையே நம்பி இருக்கும், முதல் கிழமைகளில வாயால இழுக்கப் பழகாது. வாய்க்குள்ள குடெல் எயார்வே (மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிற வளைஞ்ச குழாய்) வைச்சு பிளாஸ்டர் ஒட்டுங்கோ. கடைவாயில இருந்து தாடை மூலை வரை அளந்து எடுங்கோ; கட்டையாய்ப் போனால் நாக்கைப் பின்னுக்குத் தள்ளி இன்னும் அடைக்கும். அது கிடைக்காட்டி சூப்பி நுனியில பெரிய ஓட்டை வெட்டி, நாடாவால தலையைச் சுத்திக் கட்டலாம். பால் வாய்வழி ரியூப்பில. மூக்கு முனையில ஒட்சிசன் குடுத்துப் பிரயோசனமில்லை. அம்புலன்ஸில பிள்ளை நித்திரையானால்தான் பயம், கண்ணை எடுக்காதேங்கோ.

காது மூக்கு தொண்டை:
கதீற்றர் எத்தினை செ.மீ.யில நிண்டது எண்டு கடிதத்தில எழுதுங்கோ. வாசலிலேயே நிண்டால் அது முன்மூக்கு எலும்பு ஒடுக்கம், வேற ஒப்பரேசன். சி.ரி. எடுக்க முதல் சளியை நல்லா உறிஞ்சுங்கோ, இல்லாட்டி சளியும் மூக்கை அடைக்கிற தசைத்தட்டு மாதிரித் தெரியும். இதய எக்கோ, கண், காது பார்த்திட்டுத்தான் மயக்க மருந்து. இதயம், கண், காதுக் குறையள் சேர்ந்து வாற சார்ஜ் நோய்க்கூட்டம் இதோட வரலாம்.

ஒப்பரேசனில 2.7 மி.மீ. எண்டொஸ்கோப் (கமராக் குழாய்) மூக்கால. மூக்கு ஒடுக்கமெண்டால் 120 பாகைக் கமராவை வாயால விட்டு அண்ணத்துக்குப் பின்னால இருந்து பார்க்கலாம். அடைச்சிருக்கிற தட்டைக் கீழ்ப்பக்கமா, நடுச்சுவரை ஒட்டித் துளைக்க வேணும். மேல போனால் மண்டை ஓட்டின்ர அடி, வெளிப்பக்கம் போனால் இரத்தக்குழாய். ஓட்டை மட்டும் போட்டால் திரும்ப மூடும். மூக்கு நடுச்சுவரில இருக்கிற வோமர் எலும்பின்ர பின்பக்கத்தை வெட்டி இரண்டு துவாரத்தையும் ஒண்டாக்கி, வெறும் எலும்பைச் சளிச்சவ்வால மூட வேணும். என்ர கணக்கில அரைவாசி வெற்றி இந்தச் சவ்விலதான்.

சவ்வு நல்லாப் படுத்தால் ஸ்டென்ட் தேவையில்லை. ஸ்டென்ட் மூக்கு நுனியில புண்ணாக்கும், தசை வளர வைக்கும். வைச்சால் 3.5 அளவு மூச்சுக்குழாய் ரியூப்பை வெட்டி, உப்புநீர் விட்டு அடிக்கடி உறிஞ்ச வேணும். அடைபட்ட ஸ்டென்ட் பழைய அடைப்பை விட மோசம்.

வடமராட்சி வாட்டு:
ஒருபக்கம் மட்டுமெண்டால்?

காது மூக்கு தொண்டை:
அவசரமில்லை. ஒருபக்கச் சளியோட கன வருசம் கழிச்சு வாற பிள்ளையளும் இருக்கு. வளரவிட்டுச் செய்தால் மூக்குக்குள்ள இடமும் கூட.

மயக்கமருந்து அறை:
ஒண்டு விட்டுப்போச்சு. வீக்கம் வத்த எண்டு பெரியாக்களின்ர மூக்குச் சொட்டான சைலோமெற்றசோலினை விடாதேங்கோ. பச்சைப்பிள்ளைக்கு இதயத்துடிப்பு இறங்கும், மூச்சும் நிக்கலாம். வீட்ட அனுப்பேக்க உப்புநீர்ச் சொட்டு போதும். பால் எதுக்களிச்சால் அதைப் பாருங்கோ, அமிலம் பட்ட புண் திரும்ப ஒடுங்கும். திரும்பச் சத்தத்தோட மூச்சு விட்டால் கிளினிக் நாள் பார்க்காமல் வரச் சொல்லுங்கோ.